வேது பானையின் கதை

மழை பிடிச்சாச்சு. ஓ.பி.யில பாதி டோக்கன் தடுமம், இருமல், மூக்கடைப்புதான். மருந்து எழுதிக் கொடுத்ததும் எழுந்திருச்சுக்கிட்டே கேட்பாங்க: "டாக்டரம்மா, ஆவி பிடிக்கலாமா?" "பிடிக்கலாம்"னு ஒரே வார்த்தையில சொல்லிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுறது என் வழக்கம். போன வாரம் வரைக்கும்.

போன வாரம் ராத்திரி டூட்டியில ஒரு மூணு வயசுக் குழந்தையைத் தூக்கிட்டு வந்தாங்க. வயிறும் ரெண்டு தொடையும் வெந்து தோல் வழண்டிருந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல கொதிக்கிற பாத்திரம், அம்மா மடியில குழந்தை, ரெண்டு பேருக்கும் மேல ஒரு போர்வை. இருட்டும் சூடும் பிடிக்காம பிள்ளை காலை உதைச்சிருக்கு. அவ்வளவுதான். புண் மேல டூத்பேஸ்ட் பூசியிருந்தாங்க.

அந்தத் தாய் அழுதுகிட்டே சொன்னது இது: "போன தடவை வந்தப்ப ஆவி பிடிக்கலாம்னு சொன்னாங்களே." யார் சொன்னாங்கன்னு நான் கேட்கல. நானாவே இருக்கலாம்.

அந்த டூட்டி முடிஞ்சதிலிருந்து இதைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். ஆவி பிடிக்கிறது நமக்கு எங்கிருந்து வந்தது, எங்க ஆளுங்க (அதாவது இங்கிலீஷ் மருந்து டாக்டர்கள்) அதை எப்ப, எதை நம்பி ஏத்துக்கிட்டாங்க, எந்த இடத்துல பிசகிச்சு. த்ரெட் நீளம்தான். பொறுமையா படிங்க.

முதல்ல ஊர்ல இருந்து ஆரம்பிக்கிறேன். எங்க ஆச்சி வீடு ஆழ்வார்குறிச்சி. திருநெல்வேலியிலிருந்து தென்காசி ரயில்ல போனா அம்பாசமுத்திரம் தாண்டி வரும். மேற்கே மலை, பக்கத்துல சிவசைலம், ஊரை ஒட்டி கடனா நதி. அது திருப்புடைமருதூர் பக்கத்துல போய் தாமிரபரணியோட சேரும். 2019ல மாவட்டம் பிரிச்சதுல தென்காசி மாவட்டத்துக்குப் போயிட்டோம். ஊர்க்காரங்க வாயில இன்னும் திருநெல்வேலிதான்.

மலையடிவாரம்ங்கிறதால ஆனி ஆடியில சாரல், ஐப்பசி கார்த்திகையில அடைமழை. வருஷத்துக்கு ரெண்டு தடுமம் நிச்சயம். ஆச்சி வீட்டுல யாரும் "ஆவி பிடிக்கிறது"ன்னு சொல்ல மாட்டாங்க. "வேது பிடிக்கிறது." வாய்க்கால் கரையில நொச்சி ஒடிச்சுட்டு வரணும், அது பிள்ளைகள் வேலை. கூட வேப்பிலை, எலுமிச்சை இலை, ஒரு துண்டு மஞ்சள். மண்பானையில தண்ணி, இலை எல்லாம் போட்டு சூடாக்கி இறக்கிடுவா. பானை தரையில, பிரிமணை மேல உட்கார்ந்திருக்கும். அடுப்புல ஒரு செங்கல் துண்டு பழுத்துக்கிட்டு இருக்கும். நாம கம்பளிக்குள்ள போனதும் இடுக்கியால அதை எடுத்து பானைக்குள்ள விடுவா. சுர்ருனு ஒரு சத்தம், குப்புனு ஆவி, கண்ணு மூக்கெல்லாம் ஒழுகும். "ஏட்டி, தலையைத் தூக்காத, வாயைத் திறந்து இழு" என்று வெளியே இருந்து குரல் வரும். ஆவி அடங்கினா அடுத்த செங்கல்.

இந்தப் பானை, பிரிமணை, செங்கல் மூணையும் நினைவுல வச்சுக்கோங்க. பின்னால வரும்.

நொச்சி நமக்குப் புதுச் செடி இல்லை. கை விரிச்ச மாதிரி மூணோ அஞ்சோ சிற்றிலை, நீலப் பூ. சங்க காலத்துல கோட்டையைக் காத்து நின்ன வீரர்கள் சூடின பூ இது. மதில் காக்கிற போருக்கே நொச்சின்னு பேர். கொசுவை விரட்ட இதைப் புகை போடுற வழக்கம் பல ஊர்ல உண்டு. சில வருஷத்துக்கு முன்னால கொசு ஒழிக்கன்னு சென்னை மாநகராட்சி நொச்சிச் செடி கொடுத்ததும் இந்த நம்பிக்கையிலதான். சித்த மருத்துவத்துல புற மருத்துவம் 32 வகைன்னு கணக்கு. அதுல வேதும் ஒண்ணு. ஆக இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, வைத்தியர்கள் பேர் வச்சு வகைப்படுத்தின முறை.

வெள்ளைக்கார டாக்டர்கள் இதைக் கவனிச்சாங்களா? கவனிச்சாங்க. 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிச் சீமைகள்ல பெரிய காய்ச்சல் ஒண்ணு பரவி ஜனங்க செத்தாங்க. காரணம் கண்டுபிடிக்க கம்பெனி அரசு ஒரு மருத்துவக் குழு போட்டது. அதுல இருந்தவர்தான் வைட்லா ஐன்ஸ்லி. இந்தக் குழு அறிக்கை 1816ல லண்டன்ல அச்சானது. தேங்கின தண்ணி, சதுப்பிலிருந்து கிளம்புற கெட்ட காற்றுன்னு அந்தக் காலத்து டாக்டர்கள் எல்லாரும் நம்பினதைத்தான் அவங்களும் நம்பினாங்க. கொசுதான் மலேரியாவைப் பரப்புதுன்னு காட்ட, செகந்திராபாத்ல ரொனால்ட் ராஸ் 1897ல வர வேண்டியிருந்தது.

அதே ஐன்ஸ்லி 1826ல "மெட்டீரியா இண்டிகா"ன்னு ரெண்டு பாகமா ஒரு புத்தகம் போட்டார். நம்ம கடைச் சரக்கு, பச்சிலை எல்லாத்தையும் தமிழ்ப் பேரோட எழுதி வச்ச புத்தகம்.

எனக்கு அதைவிடப் பிடிச்சது 1868ல வந்த "பார்மகோபியா ஆஃப் இந்தியா". அரசாங்கமே கொண்டுவந்த மருந்து நூல். தொகுத்தவர் எட்வர்ட் ஜான் வாரிங். அதுல நொச்சிக்குக் கீழே, மைசூர் ஜனங்க காய்ச்சல், சளி, மூட்டுவலிக்கு இந்தச் செடியைப் போட்டு ஆவிக் குளியல் எடுக்கிறாங்கன்னு பதிவாகியிருக்கு. வாரிங் திருவிதாங்கூர்ல பல வருஷம் டாக்டரா வேலை பார்த்தவர். அதாவது எங்க மலைக்கு அந்தப் பக்கம். இவ்வளவு பக்கத்துல இருந்த மனுஷன் ஒரு தடவை மலையைத் தாண்டி வந்திருந்தா மைசூருக்குப் பதிலா எங்க ஊர்ப் பேர் ஏறியிருக்குமேன்னு ஒரு ஆதங்கம். சும்மா சொன்னேன்.

இப்ப மேற்கே போவோம். 1778ல இங்கிலாந்தின் பிளிமத் ஊர்ல ஜான் மட்ஜ்னு ஒரு டாக்டர், இருமலுக்கு ஆவி பிடிக்கிறதைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். "இன்ஹேலர்" என்ற சொல்லை முதல்ல புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்னு சொல்வாங்க. கருவி ரொம்ப எளிமை: பியூட்டர்ங்கிற ஈயக் கலவையில செஞ்ச, பீர் குடிக்கிற குவளை ஒண்ணு. மேல மூடி, மூடியிலிருந்து ஒரு குழாய், கைப்பிடியில துளை. குழாயில வாயை வச்சு இழுத்தா, வெளிக்காத்து கைப்பிடி வழியா உள்ள போய், வெந்நீருக்குள்ள குமிழிட்டு, ஆவியோட தொண்டைக்கு வரும்.

கவனிச்சீங்களா? மூடி இருக்கு. குவளை சாய்ஞ்சாலும் மொத்த வெந்நீரும் ஒரேயடியா மேல கொட்டாது.

1860கள்ல வந்த நெல்சன் இன்ஹேலரும் இப்படித்தான். கனமான பீங்கான் ஜாடி, மேல கார்க், அதுல கண்ணாடிக் குழாய். இந்த ஜாடி அடுத்த நூறு வருஷம் பிரிட்டிஷ் வீடுகள்லயும் ஆஸ்பத்திரிகள்லயும் இருந்தது. அதுக்குள்ள அவங்க போட்டது ஃபிரையர்ஸ் பால்சம். நம்ம ஊர்ல டிங்சர் பென்சாயின். பயந்துடாதீங்க, அது சாம்பிராணியைச் சாராயத்துல கரைச்சதுதான். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போடுற புகையும் ஈ.என்.டி. டாக்டர் எழுதுற டிங்சரும் ஒரே பிசின் குடும்பம். ஈ.என்.டி. பாடத்துல நாங்க படிச்ச ஆவி இது மட்டும்தான்.

ஒரு வேடிக்கை சொல்லவா? பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964ல வந்தது. அடுத்த வருஷமே அதே ஊர்ல திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. ஒரு பக்கம் நொச்சி வேது, இன்னொரு பக்கம் சாம்பிராணி டிங்சர். ஒருத்தர் பாடத்தை ஒருத்தர் எட்டிப் பார்த்ததில்லை. நோயாளி மட்டும் ரெண்டு வாசலுக்கும் போயிட்டு, வீட்டுக்கு வந்து ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போடுறார்.

அந்தப் பாத்திரத்துல இன்னும் ரெண்டு சரக்கு சேர்ந்தது. ஒண்ணு நீலகிரித் தைலம். பேர்தான் நீலகிரி, மரம் ஆஸ்திரேலியாக்காரன். அங்க விக்டோரியாவுல ஜோசப் பொசிஸ்டோ 1852ல யூகலிப்டஸ் இலையைக் காய்ச்சித் தைலம் வடிக்க ஆரம்பிச்சார். நீலகிரிக்கு மரம் வந்தது 1843ல. விறகுத் தேவைக்குத்தான் மலை மலையா நட்டாங்க. அந்த மரத்துக்குக் காய்ச்சல் மரம்னும் ஒரு பேர் இருந்தது. கெட்ட காற்றுதான் காய்ச்சலுக்குக் காரணம்னா, நல்ல வாசனை அடிக்கிற மரம் அதை விரட்டும்தானே? இப்படி நம்பி 1870கள்ல ரோம் பக்கத்துல சதுப்பு நிலத்துல துறவிகள் யூகலிப்டஸ் நட்டாங்க. வாசனை காற்றைச் சுத்தம் செய்யும் என்ற இந்த எண்ணம் இன்னைக்கும் நம்ம மூக்கை விட்டுப் போகல.

இன்னொண்ணு நீல டப்பா. அமெரிக்காவுல வடக்கு கரோலினாவுல லன்ஸ்ஃபோர்ட் ரிச்சர்ட்சன்னு ஒரு மருந்துக்கடைக்காரர் செஞ்ச மெந்தால் கற்பூரக் களிம்பு. விக்ஸ். 1918 ஃப்ளூ வந்தப்ப ஒரே வருஷத்துல அதோட விற்பனை 9 லட்சம் டாலர்ல இருந்து 29 லட்சம் டாலருக்குப் போச்சு. அந்த ஃப்ளூவுல இந்தியாவுல மட்டும் ஒரு கோடிக்கும் மேல செத்தாங்க. தடுப்பூசி கிடையாது, ஆன்டிபயாட்டிக் கிடையாது. மூக்கு திறந்த மாதிரி இருந்தாலே போதும்னு ஜனங்க எதையும் வாங்கினாங்க. (நம்ம அமிர்தாஞ்சனம் அதுக்கும் மூத்தது. 1893ல நாகேஸ்வர ராவ் பம்பாயில ஆரம்பிச்சது.)

"திறந்த மாதிரி"ன்னு சொன்னேன்ல, அதைக் கொஞ்சம் விளக்கணும். 1983ல பிரிட்டன்ல ரான் எக்கிள்ஸ் குழு மெந்தாலை முகர வச்சு, மூக்குக்குள்ள காத்து போற தடையை அளந்து பார்த்தது. தடை குறையவே இல்லை. ஆனா முகர்ந்தவங்க "நல்லா மூச்சு விட முடியுது"ன்னு சொன்னாங்க. எப்படி? நம்ம நரம்புல குளிர்ச்சியை உணர ஒரு புரதம் இருக்கு. மெந்தால் பட்டாலும் அது "குளுகுளுன்னு காத்து வருது"ன்னு மூளைக்குச் சேதி அனுப்பும். 2002ல அந்தப் புரதத்தை டேவிட் ஜூலியஸும் ஆர்டெம் படாபூட்டியனும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. சூடு, குளிர், தொடுதலை உடம்பு எப்படி உணருதுன்னு காட்டினதுக்கு 2021ல ரெண்டு பேருக்கும் நோபல். ஆக அடைப்பு அப்படியே இருக்கும், அடைப்பு தெரியாது. ராத்திரி தூக்கம் வர அது போதும்னா நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

சரி, வெறும் ஆவி? அது வைரஸைக் கொல்லுமா?

இதையும் பெரிய ஆட்களே யோசிச்சிருக்காங்க. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்துல ஆந்த்ரே ல்வோஃப், 1965 நோபல்காரர். சூடு ஏறினா சில வைரஸ் பெருகுறது குறையுதுன்னு கண்டவர். சளி பிடிக்க வைக்கிற ரைனோ வைரஸுக்குப் பிடிச்சது நம்ம மூக்கோட 33 டிகிரி. அப்போ மூக்கைச் சூடாக்கினா? 43 டிகிரி ஈரக் காத்தை மூக்குல விடுற கருவி செஞ்சாங்க. 1980கள்ல இஸ்ரேல்லயும் பிரிட்டன்லயும் பரிசோதிச்சு, பலன் இருக்குன்னு எழுதினாங்க. 1990ல அமெரிக்காவுல கிளீவ்லேண்டில் திரும்பச் செஞ்சு பார்த்தாங்க, ஒண்ணும் தேறல. கடைசியா சண்டிகர் பி.ஜி.ஐ.யின் குழந்தை மருத்துவர் மீனு சிங் தலைமையில எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தாங்க. 2017ல வந்த பதிப்புல 6 ஆய்வு, 387 பேர். ஆவியால சளி சீக்கிரம் குணமாகுதுன்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு முடிஞ்சது.

இதுல ஒண்ணு கவனிங்க. அந்த ஆய்வுகள் எல்லாம் அளந்து சூடாக்கின காத்து, கருவி வழியா. கொதிக்கிற பாத்திரம் இல்லை. நொச்சியும் இல்லை. ஆச்சியோட வேதை அப்படியே எடுத்துச் சோதிச்சதா நினைச்சுக்க வேண்டாம். ஆனா ஈரச் சூடு மூக்குல கெட்டியான சளியை இளக்கும், கொஞ்ச நேரம் இதமா இருக்கும். அது என் அனுபவமும்தான். நோயை விரட்டாது. இதம் தரும். அவ்வளவுக்குத்தான் அதை நம்பணும்.

2021 மே மாசம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆக்ஸிஜன் கட்டிலுக்கு ஜனங்க வாசல்ல காத்துக் கிடந்தாங்க. அப்ப தமிழ்நாடு முழுக்க பொது இடங்கள்ல ஆவி பிடிக்கிற மெஷின் முளைச்சது. குக்கர்ல பைப் மாட்டி வரிசையா ஆட்கள், மாஸ்க்கைக் கழட்டிட்டு, ஒருத்தர் மூச்சுல ஒருத்தர். சுகாதாரத்துறை அமைச்சர் மா.சுப்பிரமணியன் பொது இடத்துல இப்படிச் செய்யாதீங்கன்னு அறிவிக்க வேண்டியதாச்சு. வீட்டிலேயே ஆவி பிடிச்சுக்கிட்டு ரெண்டு மூணு நாள் தள்ளிப் போட்டு, ஆக்ஸிஜன் அளவு 80க்குக் கீழே இறங்கின பிறகு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன். அவங்களை ஆவி கொல்லல. ஆவி கொடுத்த தைரியம் தாமதப்படுத்திச்சு.

அதுக்கு முந்தின வருஷம், 2020ல, பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. ஆவி பிடிக்கும்போது வெந்து வர்ற குழந்தைகள் சாதாரணமா அவங்ககிட்ட வருஷத்துக்கு ரெண்டு பேர்தான். கொரோனா வந்ததும் அது 30 மடங்கு வேகத்துல கூடிடுச்சு. அதைப் படிச்சப்ப போன வாரத்துப் பிள்ளை முகம்தான் வந்து நின்னுச்சு. பர்மிங்காம்ல அப்படின்னா நம்ம ஊர்ல எத்தனை? நம்ம ரெஜிஸ்டர்ல "சுடுதண்ணி பட்டது"ன்னு ஒரே வரி. எதுக்காகக் கொதிக்க வச்சாங்கன்னு நாங்க எழுதுறதே இல்லை. நான் இனிமே எழுதப் போறேன்.

இப்ப பானைக்கு வர்றேன்.

ஆச்சியோட வேது பானை அகலம், கனம், தரையில, பிரிமணைக்குள்ள புதைஞ்சு உட்கார்ந்திருக்கும். கால் பட்டாலும் லேசுல உருளாது. பானை முழுக்கக் கொதிக்கணும்னு தேவை இல்லை, ஆவி வேணும்கிற நேரத்துக்குச் செங்கல் கொடுக்கும். கொதிக்கிற தண்ணியைத் தூக்கிட்டு அடுக்களையிலிருந்து ஹால் வரை நடக்கிற வேலையே கிடையாது. கம்பளிக்கு வெளியே எப்பவும் ஒரு பெரிய மனுஷி காவல். கைப்பிள்ளையை உள்ளே விட மாட்டா. கைப்பிள்ளைக்கு ஓமவல்லிச் சாறு, நெஞ்சுல தைலம், அதோட சரி. பழுத்த செங்கல்லுக்கு அதுக்கே உரிய ஆபத்து உண்டு, அதை மறைக்கல. ஆனா இது யோசிச்சுச் செஞ்ச ஏற்பாடு. மட்ஜுக்கு மூடி எப்படியோ, ஆச்சிக்குப் பிரிமணை அப்படி.

பானை போச்சு, பிரிமணை போச்சு, கேஸ் அடுப்பு வந்தது. மெல்லிசு சில்வர் பாத்திரம், தளதளன்னு கொதிக்கிற ரெண்டு லிட்டர் தண்ணி, வழுக்குற டைல்ஸ் தரை, ஆடுற பிளாஸ்டிக் ஸ்டூல் அல்லது கட்டில் மெத்தை. பார்த்துக்க ஆச்சி இல்லை. இலையைப் பத்தி மட்டும் நூறு வீடியோ இருக்கு: நொச்சியா, துளசியா, கற்பூரவள்ளியா. அது எதுல, எங்க உட்காரணும்னு ஒருத்தரும் சொல்றதில்லை. ஓ.பி.யில நானும் சொன்னதில்லை.

இனி நான் சொல்லப் போறதை இங்கேயும் எழுதிடுறேன். குழந்தைகளுக்குக் கொதிக்கிற பாத்திர ஆவி வேண்டவே வேண்டாம், மடியில வச்சு நிச்சயமா வேண்டாம். மூக்கடைப்புக்கு உப்புத்தண்ணி சொட்டு மருந்து போதும், அரசு ஆஸ்பத்திரியில கேளுங்க. பெரியவங்க பிடிக்கணும்னா பிடிங்க. அடுப்பை அணைச்சு கொஞ்ச நேரம் ஆற விட்டு, அகலமான கனமான பாத்திரத்துல பாதிக்கும் குறைவா தண்ணி எடுத்து, ஆடாத இடத்துல வச்சு, அஞ்சு நிமிஷம். அந்த நேரம் பிள்ளைகள் அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. கற்பூரத்தை அள்ளிப் போடாதீங்க. கற்பூரமும் நீலகிரித் தைலமும் சின்னக் குழந்தை வாயில போனா கொஞ்சமே வலிப்பைக் கொண்டுவரும். விக்ஸ் டப்பாவிலேயே ரெண்டு வயசுக்குக் கீழே கூடாதுன்னு போட்டிருக்கும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ ஆவி பிடிச்சுப் பார்க்கிற கட்டம் தாண்டியாச்சு. கிளம்பி வந்துடுங்க.

வெந்நீர் கொட்டிட்டா குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டுங்க. ஐஸ், டூத்பேஸ்ட், இங்க், மஞ்சள் எதுவும் வேண்டாம். 108.

நேத்து அந்தக் குழந்தை டிரஸ்ஸிங்குக்கு வந்தது. தொடைப் புண் ஆறிட்டு வருது, வயித்துல ஒரு இடம் மட்டும் நாளாகும். என் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அழ ஆரம்பிச்சுட்டான். அழுததுல மூக்கு ஒழுகுச்சு. அம்மா முந்தானையால துடைச்சுக்கிட்டே என்னைப் பார்த்தாங்க. "தடுமம் இன்னும் விடல டாக்டரம்மா. இதுக்கு என்ன செய்ய?"

சொட்டு மருந்துப் பாட்டிலைக் கையில கொடுத்து, எப்படிப் படுக்க வச்சுப் போடணும்னு ரெண்டு தடவை செஞ்சு காட்டினேன். வெளியே டோக்கன் வரிசை கதவு வரைக்கும் நின்னுச்சு.